வீடு பாபநாசம், பேஸ் தில்லி: 55 மணி நேர ஓய்வு எங்கே போனது?

என் தங்கை மகன் விமானி. ஏர்பஸ் 320-இல் துணை விமானியாக ஏழாவது வருஷம். வீடு தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பாவுக்குப் பன்னிரண்டு மா நிலம், அம்மாவுக்கு முழங்கால் வலி. மனைவி கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. மகள் இரண்டாம் வகுப்பு. அவன் பணி தொடங்கி முடியும் ஊர், விமானிகள் பேச்சில் 'பேஸ்', தில்லி. அவன் வேலை பார்க்கும் நிறுவனத்தின் பெயர் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை.

நான் முப்பத்து நான்கு வருஷம் ரயில் இன்ஜினில் ஓடி ஓய்வு பெற்றவன். அதில் பாதிக்கு மேல் சங்க வேலையும் பார்த்தேன். அதனால்தான் அவனுக்கு வந்த ஓலையைப் படித்ததும் எனக்குத் தூக்கம் போயிற்று. ஓலை ஒரு மின்னஞ்சல்தான். "உங்களுக்கு 55 மணி நேர ஓய்வு அளிக்கப்பட்டிருந்தது. அதன் பிறகும் களைப்பு என்று பணியிலிருந்து விலகியதற்கு விளக்கம் தரவும். அந்த ஓய்வு நேரத்தை எங்கே, எப்படிச் செலவிட்டீர்கள் என்பதையும் குறிப்பிடவும்" என்பது அதன் சாரம்.

55 மணி நேரம். எங்கள் காலத்தில் யாராவது அவ்வளவு ஓய்வு கொடுத்திருந்தால் கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டிருப்போம். முதலில் எனக்கும் நிறுவனத்தின் பக்கம் நியாயம் இருப்பது போலத்தான் தெரிந்தது. "மாப்ளே, ரெண்டு நாளுக்கு மேல ரெஸ்ட் இருந்திருக்கே, அப்புறம் என்ன களைப்பு?" என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. ஒரு தாளை எடுத்து மணிக்கணக்கை எழுதிக் காட்டினான். இந்த ஆய்வு அந்தத் தாளிலிருந்து தொடங்குகிறது.

அந்தத் தாள்

வெள்ளிக்கிழமை இரவு 10.30-க்குத் தில்லியில் பணி முடிகிறது. அடுத்த பணிக்கு ஆஜராக வேண்டியது திங்கள் காலை 5.30. இடையில் 55 மணி நேரம்.

விமான நிலையத்திலிருந்து வாடகை அறைக்குப் போய்ச் சேர இரவு 11.30. மறுநாள் காலை 6 மணிக்குச் சென்னை விமானம். அதைப் பிடிக்க 3.30-க்கு எழ வேண்டும். ஆக, படுத்தது மூன்றரை மணி நேரம். சென்னையில் இறங்கும்போது ஒன்பது மணி. அங்கே காத்திருந்து 11.30 விமானத்தில் திருச்சி, 12.30-க்கு இறங்கி, பெட்டி எடுத்து, கார் பிடித்து, துவாக்குடி, செங்கிப்பட்டி, வல்லம், தஞ்சாவூர், அய்யம்பேட்டை என்று ஊர் வந்து சேர மாலை 3 மணி. சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லாததால் பிள்ளை வாசலிலேயே நிற்கிறது.

ஞாயிறு பகல் 12 மணிக்குக் கிளம்பியாக வேண்டும். திருச்சியில் 3.30 விமானம், சென்னையில் 6.30 விமானம், தில்லியில் இரவு 9.20. அறைக்கு வந்து குளித்துப் படுக்க 11 மணி. திங்கள் காலை 3.30-க்கு எழுப்பு மணி.

வீட்டில் இருந்தது 21 மணி நேரம். மிச்சம் 34 மணி நேரத்தில் அவன் படுத்துத் தூங்கியது மூன்றரையும் நாலரையும், மொத்தம் எட்டு மணி நேரம். மற்றதெல்லாம் வண்டி, வரிசை, காத்திருப்பு. இதிலும் ஒரு பெரிய 'ஆனால்' இருக்கிறது. ஊழியர்களுக்கு நிறுவனம் தரும் சலுகை டிக்கெட், விமானத்தில் இடம் மிச்சம் இருந்தால்தான் செல்லும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எப்படி இடம் மிஞ்சும்? அந்த நாட்களில் சொந்தக் காசில் முழு விலைக்கு வாங்குவான். இல்லாவிட்டால் சென்னை விமான நிலைய நாற்காலியில் உட்கார்ந்து, அடுத்த விமானத்துக்குப் பெயர் கூப்பிடுகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பான்.

அந்தத் திங்கட்கிழமை ஜனவரி மாதம். தில்லியில் பனிமூட்டம். முதல் விமானமே இரண்டு மணி நேரத் தாமதம். நான்கு பயணங்கள் போட்டிருந்தார்கள். மூன்றாவதில், கீழே இறங்கத் தொடங்கும் கட்டத்தில், தரைக் கட்டுப்பாட்டு அறை அவர்கள் விமானத்தை இரண்டு முறை அழைத்திருக்கிறது. ரேடியோவில் பதில் சொல்ல வேண்டியது இவன் வேலை. இவன் கண் திறந்துதான் இருந்தது, காதில் விழவில்லை. இரண்டாம் முறை கேப்டன் பதில் சொன்னார். தரையிறங்கிய பிறகு அவர் கோபிக்கவில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டி, நாலாவதை நீ ஓட்ட வேண்டாம், களைப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்றிருக்கிறார். அவன் எழுதிக் கொடுத்தான். அதற்குத்தான் அந்த ஓலை.

"கேட்டது என் காதுதான் மாமா, ஆனா நான் அங்க இல்ல" என்று அவன் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. இரவு வண்டி ஓட்டியவனுக்குத் தெரியும். சிக்னல் மஞ்சள் என்று வாய் சொல்லும், கை அதற்கு ஏற்றபடி போகும், அடுத்த ஸ்டேஷன் வந்த பிறகுதான் நடுவில் பத்து நிமிஷம் நினைவிலேயே இல்லை என்பது உறைக்கும்.

பேஸ் என்றால் என்ன

விமான வேலையில் 'ஹோம் பேஸ்' என்பது நிறுவனம் குறிக்கும் ஊர். பணி அங்கே தொடங்கி அங்கே முடியும். அந்த ஊரில் நீங்கள் எங்கே தங்குகிறீர்கள் என்பது நிறுவனத்தின் பொறுப்பில்லை. வெளியூரில் இரவு தங்கினால் ஓட்டல் தருவார்கள், பேஸில் தரமாட்டார்கள். இன்னொரு ஊருக்குப் போய் அங்கிருந்து விமானம் ஓட்ட வேண்டும் என்று நிறுவனமே உங்களைப் பயணியாக அனுப்பினால் அந்தப் பயணம் பணி நேரத்தில் சேரும். அதே விமானத்தில், அதே இருக்கையில், வீட்டிலிருந்து பேஸுக்கு நீங்களாக வந்தால் அது சேராது. உடம்புக்கு இரண்டும் ஒன்றுதான்.

அவனுக்கு முதலில் சென்னைதான் பேஸ். அப்போது பல்லாவரத்தில் நாலு பேர் சேர்ந்து ஒரு வீடு எடுத்திருந்தார்கள். கும்பகோணத்தில் இரவு உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியுமுன் எழும்பூர். அங்கிருந்து புறநகர் ரயிலில் திரிசூலம், எதிரே விமான நிலையம். சீருடையை உறையில் போட்டு மேல் பர்த்தின் கொக்கியில் தொங்கவிட்டு வருவான். ரயிலில் படுத்ததைத் தூக்கம் என்று கணக்கில் வைத்துக்கொண்டு நேரே காக்பிட்டில் போய் உட்காராதே என்று அப்போதே சொன்னேன். அவனும் காலைப் பணி என்றால் முந்தின நாளே போய்ப் பல்லாவரத்தில் படுத்துவிடுவான். அது ஓடியது. சிரமம்தான், ஆனால் ஒழுங்கான சிரமம்.

2023-இல் சென்னையில் அவர்கள் நிறுவனம் நிறுத்திவைக்கும் விமானங்களைக் குறைத்தது. விமானம் எங்கே இரவு நிற்கிறதோ அங்கேதான் விமானிகள் வேண்டும். இன்னும் ஆறு வாரத்தில் உங்கள் பேஸ் தில்லிக்கு மாறும் என்று கடிதம் வந்தது. குடும்பத்தோடு போய்விட வேண்டியதுதானே என்று எவரும் கேட்பார்கள். மனைவியின் வேலையைத் தில்லிக்கு மாற்ற முடியாது. அப்பா நிலத்தை விட்டு நகரமாட்டார். இன்று தில்லி, நாளை எந்த ஊரோ. வேலையை விட்டுவிடலாமா என்றால் அதற்கும் பூட்டு இருக்கிறது. 2017-இல் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ போட்ட விதிப்படி, துணை விமானி ஆறு மாதமும் கேப்டன் ஒரு வருஷமும் முன்னறிவிப்புக் கொடுத்துத்தான் விலக முடியும். தொழிலாளி போவதென்றால் ஆறு மாதம், நிறுவனம் அவன் குடும்பத்தைப் பிரிப்பதற்கு ஆறு வாரம். இந்தக் கணக்கு எனக்கு இன்னும் நெஞ்சில் உறுத்துகிறது.

நாங்கள் இருந்த காலத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். நீராவி இன்ஜின் ஓடிய நாளில் மாயவரம் போன்ற ஷெட்களில் 'கால் பாய்' என்று ஒரு வேலை உண்டு. கையில் ஒரு நோட்டும் அரிக்கேன் விளக்குமாக, நடுராத்திரியில் டிரைவர் வீட்டுக் கதவைத் தட்டி எழுப்பி, நோட்டில் கையெழுத்து வாங்கிப் போவார். டிரைவரின் வீடு எது, படுத்தவன் எழுந்தானா என்பது நிர்வாகத்துக்குத் தெரிந்திருந்தது. ஷெட்டுக்குப் பக்கத்தில் குவார்ட்டர்ஸ் கட்டினார்கள். இன்றைக்கும் ரயிலில் எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ ஓடியவனுக்குத் தலைமையிடத்தில் 16 மணி நேர ஓய்வு, வெளியூரில் ஓட்டுநர்கள் தங்கும் ரன்னிங் ரூமில் 8 மணி நேரம் என்று விதி இருக்கிறது. அந்த 16 தனி, வார ஓய்வு 30 தனி, இரண்டையும் சேர்த்து 46 மணி நேரம் வேண்டும் என்று லோகோ பைலட்டுகள் இன்றும் போராடுகிறார்கள். குறைகள் ஆயிரம் இருந்தாலும் வீடு என்ற ஒன்று எங்கள் கணக்கில் இருந்தது.

தூங்காத கண்கள்: பஃபலோ, 2009

இது பாபநாசத்துப் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவில் விமானிகள் வேறு மாநிலத்திலிருந்து பேஸுக்கு வருவது சர்வ சாதாரணம். 2009 பிப்ரவரி 12 இரவு நியூவார்க்கிலிருந்து பஃபலோ போன கோல்கன் ஏர் விமானம் தரையிறங்குமுன் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டிலிருந்த ஒருவரும் இறந்தார்கள். கேப்டனின் வீடு ஃபுளோரிடாவில், பேஸ் நியூவார்க்கில். துணை விமானி முந்தின இரவு முழுக்க சியாட்டில் பக்கத்திலிருந்து சரக்கு விமானங்களில் ஏறி வந்து, விமானிகள் அறையின் சோபாவில் கண்ணயர்ந்தவர். அவருடைய சம்பளத்தில் நியூவார்க்கில் வீடு எடுப்பதை நினைத்தும் பார்க்க முடியாது. அந்த பேஸில் இருந்த 137 விமானிகளில் 93 பேர் இப்படி வெளியூரிலிருந்து வருபவர்கள் என்று விசாரணை சொன்னது.

விபத்தின் முதற்காரணம், வேகம் குறைந்து எச்சரிக்கை வந்தபோது கேப்டன் இழுக்கக் கூடாத திசையில் கட்டுப்பாட்டை இழுத்தது. களைப்பு எவ்வளவு பங்கு வகித்தது என்பதில் விசாரணை வாரிய உறுப்பினர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் போராடியதால் 2010-இல் சட்டம் வந்தது, 2014-இல் புதிய ஓய்வு விதிகள் அமலுக்கு வந்தன. ஆனால் வீட்டிலிருந்து பேஸுக்கு வரும் பயணத்தை மட்டும் யாரும் தொடவில்லை. 2011-இல் அதை ஆராய்ந்த அறிவியல் குழு, தனி விதி போடுமளவுக்குத் தரவு இல்லை என்றது. 'தகுதியான உடல்நிலையோடு வருவது விமானியின் பொறுப்பு' என்ற வாசகத்தோடு விட்டுவிட்டார்கள்.

சங்கங்களும் அதைத்தான் விரும்பின என்பதை மறைக்கக் கூடாது. விதி வந்தால் வீட்டை விட்டு பேஸுக்குக் குடிவரச் சொல்வார்களோ என்ற பயம் விமானிகளுக்கு. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அதன் விலை, பயண நேரம் எந்தக் கணக்கிலும் வராமல் போனது.

ஐரோப்பாவில் ஒரு வழிகாட்டுதல் இருக்கிறது. வீட்டிலிருந்து பேஸுக்கு வழக்கமாக 90 நிமிடத்துக்கு மேல் ஆகுமென்றால், பக்கத்தில் தற்காலிகத் தங்குமிடம் பார்த்துக்கொள்வது நல்லது என்று விமானிக்குச் சொல்கிறது. செலவு யாருடையது என்று சொல்லவில்லை. இன்னொரு பக்கம், 2017 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் ரயன்ஏர் விமானங்களில் பணியாற்றிய பணிப்பெண்கள், பணியாளர்கள் வழக்கில், எந்த நாட்டு நீதிமன்றத்துக்குப் போவது என்பதைத் தீர்மானிக்க ஹோம் பேஸ் முக்கியமான அடையாளம் என்றது. நிறுவனம் காகிதத்தில் எழுதும் ஒரு ஊர்ப் பெயர், தொழிலாளி எந்த நாட்டு நீதிமன்றத்தில் நியாயம் கேட்கலாம் என்பது வரை போகிறது.

நம் ஊர் விதிகளும் சங்கங்களும்

இந்தியாவில் 2024 ஜனவரியில் டிஜிசிஏ புதிய பணிநேர விதிகளை வெளியிட்டது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 ஆனது. இரவு என்பது நள்ளிரவு முதல் காலை 6 வரை என்று நீட்டப்பட்டது, முன்பு 5 மணி வரை. இரவைத் தொடும் பணியில் ஆறு தரையிறக்கம் வரை இருந்தது இரண்டாகக் குறைந்தது. நிறுவனங்கள் எதிர்த்தன, அமல் தள்ளிப்போனது. விமானிகள் சங்கங்கள் தில்லி உயர்நீதிமன்றத்தில் போராடின. பிறகுதான் 2025 ஜூலை 1-இல் ஒரு பகுதியும் நவம்பர் 1-இல் மிச்சமும் வந்தன. டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோவின் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாகி, நாடு முழுக்க ஜனங்கள் பெட்டிகளோடு தரையில் உட்கார்ந்திருந்ததும், இரவு விதிகளில் அந்த நிறுவனத்துக்குத் தற்காலிக விலக்கு தரப்பட்டதும் எல்லாருக்கும் தெரியும்.

இவ்வளவு போராடிப் பெற்ற 48 மணி நேரம் விலைமதிப்பில்லாதது. ஆனாலும் மாப்ளேயின் தாளை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். அவனுக்குக் கொடுத்தது 48-ஐவிட ஏழு மணி அதிகம். சட்டப்படி ஒரு குறையும் கிடையாது.

சங்க அரசியலில் இது ஏன் மேலே வரவில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் ஒன்று உண்டு. பழைய ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் 2007-இல் இணைத்தார்கள். நிறுவனம் ஒன்றானது, விமானிகள் சங்கம் இரண்டாகவே இருந்தது. 2012-இல் புதிய டிரீம்லைனர் விமானத்தில் யாருக்குப் பயிற்சி என்பதில் தகராறு வந்து, ஒரு சங்கம் 58 நாள் வேலைநிறுத்தம் செய்தது. எந்த விமானம், எத்தனை வருஷ சீனியாரிட்டி, யார் முதலில் கேப்டன் ஆவது என்பவைதான் அப்போது சங்கத்தின் உயிர்மூச்சு. வீடு எங்கே என்பது ஆளுக்கு ஆள் மாறும் சங்கதி. ஆளுக்கு ஆள் மாறுவதைக் கோரிக்கைப் பட்டியலில் ஏற்றுவது கடினம். நானே பல கூட்டங்களில் அப்படிப்பட்ட கோரிக்கைகளை "தனிப்பட்ட பிரச்சினை" என்று ஒதுக்கியிருக்கிறேன். அது தப்பு என்று இப்போது தெரிகிறது.

துவாரகாவில் ஒரு மாடி வீடு

ஓலைக்கு மாப்ளே உண்மையைத்தான் எழுதினான். தாளில் இருந்த மணிக்கணக்கை அப்படியே. பதில் இரண்டு வரி: பேஸுக்கு வெளியே வசிப்பது அவருடைய சொந்த விருப்பம், இனி இப்படி நடக்கக் கூடாது. எச்சரிக்கைக் கடிதம் கோப்பில் ஏறியது.

அவர்கள் நிறுவனத்தில் அங்கீகாரம் பெற்ற சங்கம் கிடையாது. விமானிகள் தங்களுக்குள் ஒரு அமைப்பாகக் கூடுவார்கள். தில்லி துவாரகாவில் ஒருவர் வீட்டு மாடியில் முப்பது பேர் கூடினார்கள். மலையாளி, மராத்தி, பீகார், பஞ்சாப் என்று எல்லாப் பக்கத்து ஆட்களும். மாப்ளே தாளை எடுத்துப் போனான். அவன் நினைத்துப் போனது, எல்லாரும் கூடவே நிற்பார்கள் என்று. நடந்தது வேறு.

வெளியூரிலிருந்து வருபவர்கள் கேட்டது, பணி நாட்களை ஒன்றாக அடுக்கி விடுப்பு நாட்களை ஒன்றாகச் சேர்த்துக் கொடுங்கள் என்று. 18 நாள் வேலை, 10 நாள் வீடு என்பது மாதிரி. தில்லியிலேயே வீடும் குடும்பமும் உள்ளவர்களுக்கு அது எரிச்சலாக இருந்தது. அவர்களுக்கு வேண்டியது தினமும் ராத்திரி வீட்டுக்கு வருவது, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு இருப்பது. நீங்கள் பத்து நாள் சேர்த்து எடுத்துக்கொண்டு போனால் அந்தப் பத்து நாள் விடிகாலைப் பணியும் பண்டிகைப் பணியும் எங்கள் தலையில்தானே விழும் என்றார் ஒருவர். இன்னொருவர், வீட்டை மாற்றிக்கொண்டு வா, நாங்கள் எல்லாம் வரவில்லையா என்றார். அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. பத்து வருஷம் முன்னால் அம்மா அப்பாவை ஊரில் விட்டு வந்தவர் அவர். கைதூக்கச் சொன்னபோது கோரிக்கை தோற்றது.

மாப்ளே போனில் சொல்லச் சொல்ல எனக்கு வெண்ணாற்றங்கரைதான் கண்முன் வந்தது. ஜூன் 12 மேட்டூர் திறந்தால் முதலில் நனைவது தலைமடை. கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர நாள் ஆகும், வாய்க்காலில் முறை வைத்தால் இன்னும் நாள் ஆகும். கடைமடைக்காரன் மதகை இறக்கச் சொன்னால் தலைமடைக்காரன் கையில் மண்வெட்டி எடுப்பான். இரண்டு பேரும் விவசாயிகள்தான், இரண்டு பேருக்கும் தண்ணீர்தான் வேண்டும். ஒரே ஊர்க் கூட்டத்தில் உட்கார்ந்தாலும் வாய்க்காலில் எங்கே வயல் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் ஒவ்வொருவரும் பேசுவார்கள்.

"கடைமடைக்குத் தண்ணி வேணும்னா, தலைமடைக்காரன் வயல் காயாதுன்னு முதல்ல காட்டணும் மாப்ளே" என்று சொன்னேன்.

இன்னொன்றும் சொன்னேன். எங்கள் தாத்தாவின் அப்பா நாகப்பட்டினம் ரயில்வே பட்டறையில் கொல்லர். 1861-இல் டெல்டாவின் முதல் ரயில் கிளம்பிய ஊர் நாகை. பட்டறையும் அங்கேதான் இருந்தது. 1920-களின் பிற்பகுதியில் தென்னிந்திய ரயில்வே கம்பெனி பட்டறைகளையெல்லாம் திருச்சி பொன்மலையில் ஒன்றாகக் கட்டியது. போத்தனூர்க்காரர்களும் நாகைக்காரர்களும் பொன்மலைக்கு வர வேண்டும். வருவதற்கு முன் வேலைத்திறன் சோதனை, தேறாதவர் வீட்டுக்கு. ஆட்குறைப்பும் இடமாற்றமும் ஒரே கத்தியின் இரண்டு முனைகளாக வந்தன. 1928 ஜூலையில் வேலைநிறுத்தம் வெடித்தது. சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் முன்னால் நின்றார்கள், கைதானார்கள், சிறை போனார்கள். வேலைநிறுத்தம் நசுக்கப்பட்டது. நாகை பட்டறையை இழந்தது. எங்கள் குடும்பத்தில் ஒரு கிளை பொன்மலைக்குப் போனது, ஒரு கிளை வேலையை இழந்து வயலுக்கு வந்தது. மாப்ளேயின் பன்னிரண்டு மா அந்தக் கிளையின் வழி வந்த நிலம்.

அன்றைக்கு அந்தப் போராட்டம் நின்ற பத்து நாளும் எப்படி நின்றது? பொன்மலையில் ஏற்கெனவே வேலையில் இருந்தவனும், நாகையிலிருந்து பிடுங்கி நடப்படப் போகிறவனும் ஒன்றாக நின்றார்கள். உள்ளூர்க்காரன் "உனக்கென்ன, வந்து குடியேறு" என்று சொல்லவில்லை. அதே பொன்மலையில் 1946 செப்டம்பர் 5-ஆம் தேதி துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள். அந்த மண்ணில் சங்கம் அப்படித்தான் வளர்ந்தது.

இரண்டாவது கூட்டம்

அடுத்த மாதம் மறுபடி கூடினார்கள். இந்த முறை ஒரு பெண் கேப்டன் பேசினார். வீடு கோழிக்கோட்டில், அவரும் வெளியூர்தான். பத்து நாள் விடுப்புக் கோரிக்கையை அவரே எடுத்து ஓரமாக வைத்தார். உள்ளூர்க்காரர்களின் ஒரு மணி நேரத்தைக்கூடத் தொடாத இரண்டு விஷயங்களை மட்டும் கேட்போம் என்றார். வார ஓய்வு முடிந்து வரும் முதல் நாள், காலை 11 மணிக்குப் பிறகுதான் பணி தொடங்க வேண்டும். அது எல்லாருக்கும் பொது, உள்ளூர்க்காரரும் திங்கட்கிழமை பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வரலாம். இரண்டாவது, மாதத்தில் இரண்டு முறை, பேஸுக்கு வந்துபோக உறுதியான இருக்கை. நிறுவனத்துக்கு அதில் பெரிய செலவு இல்லை.

விடிகாலை விமானங்களை யார் ஓட்டுவார்கள் என்ற கேள்வி வந்தது. ஓய்வின் நடுவிலோ முடிவிலோ இல்லாதவர்கள், அதாவது அந்த வாரத்தின் இரண்டாம் நாள், மூன்றாம் நாளில் இருப்பவர்கள். அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியது மாப்ளேதான். முதல் கூட்டத்தில் "வீட்டை மாற்றிக்கொண்டு வா" என்று சொன்னவர் இந்த முறை கையைத் தூக்கினார். தீர்மானம் நிறைவேறியது.

நிறுவனம் எழுத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. அங்கீகாரமில்லாத அமைப்பிடம் எழுதிக் கொடுத்தால் அதுவே அங்கீகாரம் ஆகிவிடும் என்ற தயக்கம் அவர்களுக்கு இருந்திருக்கும். ரோஸ்டர், அதாவது பணிப் பட்டியல், போடுகிறவர்களிடம் 'முடிந்தவரை' என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டார்கள். மூன்று மாதமாக, நான்கில் மூன்று முறை அப்படித்தான் வருகிறது. உறுதி இருக்கை மாதத்துக்கு ஒன்று கிடைத்தது. இரண்டு கேட்டு ஒன்று. எச்சரிக்கைக் கடிதம் இன்னும் கோப்பில்தான் இருக்கிறது. அதை எடுக்கச் சொல்லி அவன் எழுதியதற்குப் பதில் வரவில்லை.

எனக்கு இதில் நிறைவில்லாத இடங்கள் இருக்கின்றன. வாய்வார்த்தை காற்றில் போகும். அதிகாரி மாறினால் 'முடிந்தவரை' முடியாமல் போகும். விலகுவதற்கு விமானி ஆறு மாத முன்னறிவிப்புத் தர வேண்டுமென்றால், பேஸ் மாற்றத்துக்கு நிறுவனமும் அதே ஆறு மாதம் தர வேண்டும் என்பதை விதியாகவே எழுத வேண்டும். டிஜிசிஏ விதிகளை அடுத்த முறை திருத்தும்போது சங்கங்கள் இதைக் கேட்க வேண்டும். களைப்பு என்று எழுதிக் கொடுப்பவனிடம் 'ஓய்வை எங்கே கழித்தாய்' என்று விசாரணை தொனியில் கேட்பது நிற்க வேண்டும். அப்படிக் கேட்டால் அடுத்தவன் எழுதிக் கொடுக்கமாட்டான், நாலாவது பயணத்தையும் ஓட்டிவிடுவான். பின்னால் நூற்றெண்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

மாப்ளே மேலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, அதை அவனிடமே சொல்லிவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கிளம்பியிருந்தால் தில்லியில் ஏழெட்டு மணி நேரம் படுத்திருக்கலாம். "அப்படிப் போனா பாப்பாவ பாக்குறதே பதினஞ்சு மணி நேரம்தான் மாமா" என்றான். அதற்கு மேல் நான் பேசவில்லை.

இப்போது தாள் மாறியிருக்கிறது. திங்கள் 12 மணிக்குத்தான் பணி என்பதால் ஞாயிறு மாலை 4 மணிக்குக் கிளம்புகிறான். தில்லி அறையில் படுக்க இரவு ஒன்றரை மணி ஆகிறது, காலை 9 வரை தூங்குகிறான். நாலரை மணித் தூக்கம் ஏழரை ஆனது. வீட்டு நேரம் 21-இலிருந்து 25. அந்த நாலு மணி நேரத்தில் என்ன செய்கிறான் என்று தங்கையிடம் கேட்டேன். முன்பெல்லாம் ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டை டப்பாவில் கட்டிக் கொடுத்து அனுப்புவாளாம். இப்போது கொல்லையில் இலை அறுத்துப் போட்டு, எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். சாப்பிட்டு எழுந்து அப்பாவோடு வாய்க்கால் வரை நடந்து, நாற்றங்காலில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து, அப்புறம்தான் பெட்டியை எடுக்கிறானாம்.